ஏரியா, கெத்து, கேஸ்: விடலைப் பிள்ளைகளும் ரவுடி கோஷ்டிகளும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் 14 முதல் 19 வயதுப் பிள்ளைகள் ரவுடி கோஷ்டிகளில் சிக்குவது பற்றி அம்மாக்கள், அப்பாக்கள், பள்ளி ஆசிரியர்கள், சில நேரம் பிள்ளைகளே திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகள் இருக்கின்றன. சட்டம் வரும் இடங்களில் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தையும், 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) சட்டத்தையும் வைத்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

1. பையன் பத்தாவதோட நின்னுட்டான். வேலைக்கும் போறதில்ல. நாள் முழுக்க முக்குல பசங்களோட நிக்கிறான். இதுக்கே பயப்படணுமா?

முக்கில் நிற்பது குற்றமில்லை. ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேர் இருந்தால் வளர்ந்த பையன் தெருமுனையில்தான் நிற்பான். கூட நிற்பவர்களின் வயதைப் பாருங்கள். எல்லாருக்கும் 16, 17 என்றால் பெரும்பாலும் கேரம், கிரிக்கெட், வாய்ச்சண்டையோடு போய்விடும். நடுவில் 25, 30 வயதில் ஒருவர் இருக்கிறார், அவருக்கு என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது, ஆனால் டீக்கும் பிரியாணிக்கும் அவர்தான் காசு கொடுக்கிறார் என்றால் அவரைப் பற்றி விசாரிக்கத் தொடங்குங்கள்.

பத்தாவது ரிசல்ட் வந்த பிறகு வரும் மூன்று நான்கு மாதங்கள் மிக முக்கியம். பெயிலானவர்களுக்கு ஜூன், ஜூலையில் துணைத் தேர்வு இருக்கிறது. அதையும் விட்டு, ஐ.டி.ஐ. சேர்க்கையும் முடிந்துவிட்டால் ஒரு வருடம் முழுக்க வெறுமையாகிவிடும். அந்த வெறும் வருடம்தான் கோஷ்டிக்குத் தோது. கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளுக்குப் படிப்பு நடுவில் மாற்றப்பட்ட குடும்பங்களில் இது இன்னும் அதிகம். பழைய பள்ளி 20, 25 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுகிறது, புதுப் பள்ளியில் சேர்க்க சான்றிதழ் இழுக்கிறது, பையன் அப்படியே நின்றுவிடுகிறான்.

2. கோஷ்டில எப்படித்தான் சேர்றாங்க? யாராவது வந்து கூப்பிடுவாங்களா?

கூப்பிட மாட்டார்கள். சின்னச் சின்ன வேலையாக வரும். முதலில் சிகரெட் வாங்கி வருவது, பிரியாணி வாங்கி வருவது. பிறகு பைக்கை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கத் தருவார்கள். அப்புறம், "நாளைக்கு அண்ணனுக்கு வாய்தா, கோர்ட்டுக்கு வாங்கடா" என்பார்கள். அங்கே இவனுக்கு வேலை எதுவும் இல்லை, அண்ணனுக்குப் பின்னால் கூட்டமாக நின்றால் போதும். அடுத்து தெருமுனையில் நின்று போலீஸ் வண்டி வந்தால் போன் அடிப்பது. அதற்கும் அடுத்தது ஒரு பொருளை, அதாவது கத்தி, அரிவாளை, வைத்திருக்கச் சொல்வது.

இந்தக் கடைசிப் படியைப் பெற்றோர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அரிசிச் சாக்கில் சுற்றி, பழைய துணிக்கு நடுவே பரணில் செருகப்பட்ட, முழங்கையைவிட நீளமான ஒரு பொட்டலம். "ரெண்டு நாள்தான்டா, எடுத்துக்கிறேன்" என்று கொடுத்திருப்பார்கள். அது வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து அவன் அவர்களுடைய ஆள். வேண்டாம் என்று சொன்னால், "உன் வீட்லதானே பொருள் இருந்துச்சு" என்பார்கள். அதன் பிறகுதான் "சும்மா மிரட்டிட்டு வந்துடலாம், வண்டில வா" என்ற அழைப்பு வரும்.

இதோடு திருப்பிக் கேட்காத கடனும் சேரும். பொங்கலுக்குச் சட்டை, அம்மாவின் மருந்துக்கு 1,000 ரூபாய், போன் திரை உடைந்தால் மாற்றிக் கொடுப்பது. காசாகத் திருப்பிக் கேட்கவே மாட்டார்கள் என்பதால் அது கடன் என்றே பையனுக்குத் தோன்றாது.

3. என்னென்ன பார்த்தா சந்தேகப்படலாம்?

ஒரே ஓர் அடையாளத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். முடிவெட்டு, தோடு, டாட்டூ இதெல்லாம் எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான். பின்வருவனவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் கவனியுங்கள்: நம்பர் பிளேட் இல்லாத அல்லது மடக்கிவிட்ட பைக்கில் வருவது, இரண்டாவது சிம், இன்ஸ்டாகிராம் பெயரில் ஏரியா பெயரோடு 302, 307 என்று எண் (பழைய சட்டத்தில் கொலை, கொலை முயற்சிப் பிரிவுகள்), தெரிந்த தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போவது, ராத்திரி வீட்டில் படுக்காமல் நண்பன் வீட்டு மாடியில் படுப்பது. கடைசி இரண்டும் எதிர்க் கோஷ்டிக்குப் பயப்படுகிறான் என்பதற்கு அடையாளம். அவற்றைப் பார்த்தால் நாள் கடத்தாதீர்கள்.

பைக் விஷயத்தில் ஒன்று. 18 வயது ஆகாத பையன் கியர் பைக் ஓட்டி மாட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி வண்டி உரிமையாளரோ பெற்றோரோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் சந்திக்க நேரும். பையனுக்கு 25 வயது வரை லைசென்சும் கிடைக்காது. "அண்ணன் வண்டி கொடுத்தார்" என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

4. பெரியவங்க இருக்கும்போது ஏன் 16, 17 வயசுப் பசங்களையே தேடுறாங்க?

மூன்று காரணம். சொன்னதைச் செய்வார்கள், குறைந்த காசுக்கு வருவார்கள், மாட்டினால் சட்டம் அவர்களை வேறு மாதிரி நடத்தும். சம்பவ நாளன்று 18 நிறையாதவர் "சட்டத்துக்கு முரண்பட்ட குழந்தை". அவர் சிறைக்குப் போவதில்லை, இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகிறார். குழுமம் அவரைச் சிறப்பு இல்லத்தில் வைக்கக்கூடிய உச்சக் காலம் மூன்று ஆண்டு. பையனுக்காக எழுதப்பட்ட இந்தப் பாதுகாப்பைக் கோஷ்டித் தலைவர் தனக்குக் கேடயமாக்கிக்கொள்கிறார்.

ஆனால் அப்படி ஏவியவருக்குத் தனித் தண்டனை இருப்பது பல குடும்பங்களுக்குத் தெரியாது. பி.என்.எஸ். 95ஆம் பிரிவின்படி, குழந்தையை வைத்துக் குற்றம் செய்வித்தவருக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் பத்து ஆண்டு. குற்றம் நடந்துவிட்டால் அதைத் தானே செய்தது போல அந்தத் தண்டனையும் சேரும். இளைஞர் நீதிச் சட்டத்தின் 83ஆம் பிரிவிலும் ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. யார் அனுப்பினார்கள் என்பது பையன் தரப்பிலிருந்து எழுத்தில் குழுமத்தின் முன் போனால்தான் இந்தப் பிரிவுகளுக்கு உயிர் வரும். பெரும்பாலான வழக்குகளில் பயத்தால் அது போவதே இல்லை.

5. "மைனர்னா ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு அவனுக்கு யாரோ சொல்லி வெச்சிருக்காங்க. உண்மையா?

பாதிதான் உண்மை. 16 வயது நிறைந்தவர் "கொடுங்குற்றம்" செய்ததாக வழக்கு வந்தால், இளைஞர் நீதிச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி குழுமம் முதற்கட்ட மதிப்பீடு நடத்தும். செய்ததன் விளைவு அவனுக்குப் புரிந்ததா, உடலும் மனமும் அதற்குத் தக்க நிலையில் இருந்தனவா என்று உளவியலாளர் உதவியோடு மூன்று மாதத்துக்குள் பார்ப்பார்கள். புரிந்தே செய்தான் என்று தோன்றினால், பெரியவரைப் போல விசாரிக்கக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அங்கே தண்டனை வந்தால் 21 வயது வரை "பாதுகாப்பு இடம்", அப்போதும் திருந்தவில்லை என்று தோன்றினால் மீதி சிறை. தூக்கும், வெளியே வரவே வழியில்லாத ஆயுளும் மட்டும் கிடையாது.

கொடுங்குற்றம் என்றால் குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டோ அதற்கு மேலோ உள்ள குற்றம். கொலை அதில் வரும். குறைந்தபட்சத் தண்டனை குறிக்கப்படாத குற்றம் அதில் சேராது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது, கொலை முயற்சி அப்படிப்பட்டது. பிள்ளைகள் ஏமாறுவது வேறொன்றில். வெறும் கையால் போனைப் பறித்து ஓடினால் மூன்று ஆண்டு வரை. அதே போனைக் கத்தியைக் காட்டிப் பறித்தால் பி.என்.எஸ். 311, குறைந்தது ஏழு ஆண்டு. கையில் கத்தி இருந்த அந்த அரை நிமிடம் 16 வயதுப் பையனைக் கொலை வழக்குக்குரிய வரிசையில் கொண்டுபோய் நிறுத்துகிறது. "சும்மா காட்டத்தான் எடுத்துட்டுப் போனோம்" என்பது அங்கே உதவாது.

6. ரீல்ஸ் போட்டதுக்கெல்லாமா கேஸ் போடுவாங்க?

போடுகிறார்கள். வீடியோவில் முகம், இடம், நேரம், கூட இருப்பவர்கள் எல்லாமே பதிவாகிவிடுகிறது, சாட்சி தேடி அலைய வேண்டியதில்லை. ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி, வீட்டு, விவசாய, தொழில் உபயோகத்துக்கானது இல்லையென்றால், ஆயுத வகையில் வருகிறது. கேக் வெட்டப் பயன்படுத்தும் பட்டாக்கத்தி எந்த உபயோகத்திலும் சேராது.

2018 பிப்ரவரியில் பூந்தமல்லி அருகே மலையம்பாக்கத்தில் ஒரு ரவுடியின் பிறந்தநாள் விழாவைப் போலீஸ் சுற்றி வளைத்து, ஒரே இரவில் 70க்கும் மேற்பட்டோரைப் பிடித்தது. அவர் பட்டாக்கத்தியால் கேக் வெட்டிய படம் நாடு முழுக்கச் சுற்றியது. விழா நாயகன் அன்று தப்பிவிட்டார், மாட்டியவர்கள் விருந்துக்குப் போனவர்கள். ரீல்ஸிலும் அதே கணக்குதான். நடுவில் நிற்பவரைவிட ஓரத்தில் விசில் அடிப்பவர்கள் சீக்கிரம் மாட்டுகிறார்கள்.

போலீஸைவிடப் பெரிய ஆபத்து எதிர்க் கோஷ்டி. எந்த டீக்கடையில் நிற்கிறான், எந்த ஜிம்முக்கு எத்தனை மணிக்குப் போகிறான் என்பதை ஸ்டோரியில் அவனே சொல்லிவிடுகிறான். ஸ்கெட்ச் போடுபவர்களுக்கு (தாக்கத் திட்டம் போடுபவர்களுக்கு) ஆள் வைத்து நோட்டம் விடும் வேலை மிச்சம்.

7. இதுல நிஜமாவே எவ்வளவு காசு வருது?

பெரிய காசு இருக்கிறது. நிலத் தகராறில் கட்டப்பஞ்சாயத்து, தொழிற்சாலைக் கழிவு இரும்பு ஒப்பந்தம், மாமூல், கஞ்சா மொத்த வியாபாரம் இவற்றில்தான் அது ஓடுகிறது. வக்கீலும் ஆள்பலமும் செல்வாக்கும் உள்ள ஒரு சிலரிடம் அது நின்றுவிடும். கத்தி தூக்கும் பையனுக்கு வருவது செலவுக்காசு.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. 20,000 ரூபாய் போனைப் பறித்தால் திருட்டுப் போன் வாங்குபவர் கொடுப்பது 3,000, 4,000. மூன்று பேர், பெட்ரோல், சாப்பாடு போக ஆளுக்கு 1,000 மிஞ்சினால் அதிகம். வெல்டிங் பட்டறையில் உதவியாளாக இரண்டு நாள் நின்றால் அதே காசு. பறித்த போனை உரிமையாளர் சி.இ.ஐ.ஆர். என்ற அரசு இணையதளத்தில் முடக்கிவிட்டால், யாராவது அதில் சிம் போட்டதும் தகவல் போய்விடும். பிறகு வக்கீல் கட்டணம், ஜாமீன்தாரர்கள், வாய்தாவுக்கு அம்மா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வருவது. முதல் கேஸின் செலவை அண்ணன் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது கேஸில் அம்மாவின் கம்மல் அடகுக்குப் போகும்.

8. "உள்ள போய்ட்டு வந்தாத்தான் பேரு"ங்கிறான். இவனுக்கு என்ன சொல்லிப் புரிய வைக்கிறது?

பேர் கிடைக்கும் என்பது பொய்யில்லை. தெருவில் நாலு பேர் வழிவிடுவார்கள், சின்னப் பையன்கள் "ண்ணா" என்பார்கள். பத்தாவதில் பெயிலாகி, வீட்டிலும் பள்ளியிலும் ஒருவர்கூட நல்லதாக ஒரு வார்த்தை சொல்லாத பையனுக்கு அது பெரிய விஷயம். அதை மறுத்துப் பேசினால் உங்கள் பேச்சை மேற்கொண்டு கேட்க மாட்டான். அந்தப் பேரை வைத்துக்கொண்டு அன்றாடம் எப்படி வாழ முடிகிறது என்று கேளுங்கள். பேர் வாங்கியவர் ராத்திரி எங்கே படுக்கிறார்? தனியாகப் பேருந்தில் போக முடிகிறதா? சொந்தத் தங்கை கல்யாணத்தில் மண்டபத்துக்குள் எவ்வளவு நேரம் இருந்தார்?

உங்கள் பகுதிச் சுவர்களிலேயே பதில் ஒட்டியிருக்கும். கூலிங் கிளாஸ், கைகட்டிய போஸ், கீழே "கண்ணீர் அஞ்சலி", பிறந்த தேதி, இறந்த தேதி. இரண்டையும் அவனையே கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதலாம் ஆண்டு நினைவுநாள் போஸ்டர் ஒட்டிய பகுதியில் அந்த வாரம் போலீஸ் ரோந்து கூடுவதையும் கவனித்திருப்பான். பழிக்குப் பழியை நினைவுநாளில் தீர்ப்பது கோஷ்டிகளின் வழக்கம். அடுத்த போஸ்டரில் வரப்போகிறவர் போன வருடம் சம்பவத்துக்கு வண்டி ஓட்டிய பையனாகவும் இருக்கலாம்.

9. போலீஸ் பையனைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. முதல்ல என்ன பண்ணணும்?

முதலில் வயதுச் சான்று. இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவு சொல்லும் வரிசை இது: பள்ளியின் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அது இல்லாவிட்டால் மாநகராட்சி அல்லது ஊராட்சியின் பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லாவிட்டால் மட்டும் எலும்புப் பரிசோதனை. ஆதார் அந்த வரிசையில் இல்லை, அதை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். அசலை வீட்டில் வைத்துவிட்டு இரண்டு மூன்று நகல் எடுத்துப் போங்கள்.

ஸ்டேஷனில் குழந்தை நல காவல் அலுவலர் யார் என்று கேளுங்கள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒருவர் இருக்க வேண்டும். சிறுவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு போடக் கூடாது, வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். சென்னையில் குழுமம் கெல்லீஸில் உள்ளது. இலவச வக்கீலுக்கு 15100, குழந்தைகள் உதவிக்கு 1098. இரண்டுக்கும் அழைத்த நேரத்தைக் குறித்து வையுங்கள். உடம்பில் காயம் இருந்தால் குழுமத்தின் முன் வாய்விட்டுச் சொல்லவும், மருத்துவப் பரிசோதனை கேட்கவும் பையனுக்கு உரிமை உண்டு. பயத்தில் "கீழே விழுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டால் பிறகு மாற்றுவது கடினம்.

ஸ்டேஷனிலேயே சமூகப் பின்னணி அறிக்கைக்கு உங்களிடம் கேள்வி கேட்பார்கள். "நல்ல பையன் சார்" என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த வகுப்பில் ஏன் நின்றான், யாரோடு சேர்ந்தான், போதைப் பழக்கம் உண்டா, வெளியூரில் பொறுப்பேற்க யார் இருக்கிறார்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அடுத்து நன்னடத்தை அலுவலர் தயாரிக்கும் அறிக்கைக்கும் இதுதான் அடிப்படை.

10. ஜாமீன்ல எடுக்கலாமா? கொஞ்ச நாள் உள்ள இருந்தா புத்தி வரும்னு சொந்தக்காரங்க சொல்றாங்க.

சிறுவர்களுக்கு ஜாமீன்தான் பொது விதி, ஜாமீனில் விட முடியாத குற்றமாக இருந்தாலும். வெளியே விட்டால் தெரிந்த குற்றவாளிகளோடு சேர்வான், அவனுக்கு ஆபத்து வரும், அல்லது நீதியின் நோக்கம் கெடும் என்று குழுமம் கருதினால் மட்டுமே மறுக்கலாம். ஆகவே ஜாமீன் மனுவோடு, "இந்த மாமா வீட்டில் இருப்பான், இந்தப் பட்டறையில் சேர்கிறான்" என்று முகவரியும் ஆளும் காட்டினால் பலன் அதிகம். நிபந்தனையை ஏழு நாளில் நிறைவேற்ற முடியாவிட்டால், அதை மாற்றித்தரச் சொல்லிக் குழுமத்தின் முன் மறுபடி நிற்கலாம்.

விசாரணைக் காலத்தில் சிறுவர்களை வைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் புத்தி வருவதைவிடப் பழக்கம் வருவதற்கு வாய்ப்பு அதிகம். வெவ்வேறு ஏரியாப் பையன்கள் ஒரே கூடத்தில் இருக்கிறார்கள். எதிர்க் கோஷ்டிப் பையன் கொலைக் குறியோடு காத்திருக்கும் நிலையில் மட்டும் இந்தக் கணக்கு மாறும். அப்போது உள்ளே இருப்பது உயிருக்குப் பாதுகாப்பு. அதை வக்கீலிடம் மறைக்காமல் சொல்லி முடிவெடுங்கள்.

11. "நீ பண்ணேன்னு ஒத்துக்கோ, மைனர்தானே, வீட்டை நாங்க பாத்துக்கிறோம்"னு சொல்றாங்களாம். காசும் தர்றாங்களாம்.

ஒப்புக்கொள்ளவே கூடாது. 5ஆம் கேள்வியில் சொன்ன மதிப்பீட்டில், "நானேதான் திட்டம் போட்டேன்" என்று ஒப்புக்கொண்ட பையன் விளைவு தெரிந்து செய்தவனாகத்தான் தெரிவான். மூன்று ஆண்டு என்று நம்பிப் போகிறவன் பெரியவர்களுக்கான விசாரணைக்குள் போய் விழலாம். கொலை வழக்கு என்றால் செத்தவர் தரப்பும் அவனைத்தான் குறித்து வைக்கும். வீட்டைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன காசு இரண்டு மூன்று மாதத்தில் நின்றுவிடும்.

இந்தப் பேச்சு வந்தால் ஒத்துக்கொள்வது போலத் தலையாட்டி நேரம் வாங்குங்கள். தேதி, பேசியவர், வந்த போன் எண் மூன்றையும் குறித்துக்கொண்டு, அவர்கள் ஏற்பாடு செய்த வக்கீலிடம் போகாமல் நீங்களாக ஒரு வக்கீலைப் பாருங்கள். பல குடும்பங்கள் தவறுவது இந்த இடத்தில்தான். கோஷ்டியின் வக்கீல் கோஷ்டிக்குத்தான் வக்கீல்.

12. 18 முடிஞ்சு ரெண்டு மாசம்தான் ஆகுது. இப்ப கேஸ் வந்தா என்ன வித்தியாசம்?

எல்லாமே மாறும். மாஜிஸ்திரேட், ரிமாண்ட், புழல் சிறை. 18 முதல் 21 வரை பார்ஸ்டல் பள்ளி என்ற தனி இடம் உண்டு, ஆனாலும் அது சிறைத்துறையைச் சேர்ந்தது. ஜாமீன் கிடைத்தாலும் தினமும் காலை 10.30க்கு ஸ்டேஷனில் கையெழுத்து என்று நிபந்தனை வரும். 10.30க்குக் கையெழுத்துப் போடுகிறவனுக்கு எந்த முதலாளி வேலை தருவார்? அதனால் திரும்பவும் முக்கில் நிற்கிறான். நிபந்தனையைத் தளர்த்த மனுப் போடலாம், வேலை கிடைத்த கடிதத்தை இணைத்துக் கேளுங்கள். வாய்தாவுக்குப் போகாமல் விட்டால் பிடிவாரண்ட். அது நிலுவையில் இருக்கும்போது ஊரில் எந்தச் சம்பவம் நடந்தாலும் முதலில் இவன் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

இரண்டு மூன்று கேஸ் சேர்ந்தால் ஸ்டேஷனில் சரித்திரப் பதிவேடு (ஹிஸ்டரி ஷீட்) திறப்பார்கள், நன்னடத்தைப் பிணைப் பத்திரம் எழுதி வாங்குவார்கள். அதை மீறினால் மீதிக் காலம் சிறை. அதற்கு மேல் 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு குண்டர் சட்டம், விசாரணை இல்லாமலே 12 மாதம் வரை தடுப்புக்காவல். 2014 திருத்தத்துக்குப் பிறகு ஒரே வழக்குள்ளவர் மீதும் அது பாயலாம். தடுப்புக்காவலுக்கான காரணங்களை ஐந்து நாளில் எழுத்தில் தர வேண்டும், மூன்று வாரத்தில் அறிவுரைக் குழுமத்துக்குப் போக வேண்டும். அவர்கள் தரும் காகிதங்களில் ஒரு பக்கம் தெளிவில்லாமல் இருந்தாலும் பத்திரமாக வையுங்கள். உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுக்கள் ஜெயிப்பது பெரும்பாலும் அந்த மாதிரிக் குறைகளால்தான்.

13. கஞ்சா மட்டும்தான் அடிக்கிறான், விக்கலை. அதுவும் கேஸா?

கேஸ்தான். ஒரு கிலோவுக்குக் குறைவென்றால் சிறு அளவு, ஓர் ஆண்டு வரை சிறை. ஒரு கிலோவிலிருந்து 20 கிலோ வரை என்றால் பத்து ஆண்டு வரை. 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு, குறைந்தது பத்து ஆண்டு. இந்தக் கடைசி வகை 5ஆம் பதிலில் சொன்ன கொடுங்குற்றத்தில் வரும். "இந்தப் பையை டிரெயின்ல எடுத்துட்டு வா, 5,000 தர்றேன்" என்பவர்கள் பையின் எடையைச் சொல்ல மாட்டார்கள்.

கஞ்சாவைவிட அவசரம் மாத்திரை. டேபெண்டடால் போன்ற வலி மாத்திரைகளை ஊசியில் ஏற்றும் பழக்கம் பரவியிருக்கிறது. வாயால் விழுங்கச் செய்த மாத்திரையில் உள்ள மாவுப் பொருள் ரத்தக் குழாயை அடைக்கும், கை அழுகும், ஒரே ஊசியைப் பலர் குத்திக்கொண்டால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் வரும். வெயிலில் முழுக்கைச் சட்டை, குளியலறையில் காலி அட்டை, முழங்கை மடிப்பில் புள்ளிகள் இவற்றைக் கவனியுங்கள். போதை மீட்பு உதவிக்கு 14446, மனநல உதவிக்கு 14416. அடித்து அறையில் பூட்டி வைத்துத் திடீரென நிறுத்தாதீர்கள், மருத்துவர் பார்த்துதான் நிறுத்த வேண்டும்.

14. அடிச்சா திருந்துவானா?

மாட்டான். அடி வாங்கித் தாங்குவதைத்தான் அங்கே தகுதியாகப் பார்க்கிறார்கள்.

15. மைனரா இருந்தப்ப வந்த கேஸ். இப்ப அரசு வேலைக்கு எழுதுறான், பாஸ்போர்ட் எடுக்கணும். தடையா?

24ஆம் பிரிவின்படி இளைஞர் நீதிச் சட்டத்தில் முடிந்த வழக்கு எந்தத் தகுதியிழப்பையும் உண்டாக்காது, மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் பதிவுகளை அழிக்க வேண்டும். பெரியவரைப் போல விசாரிக்கப்பட்டவருக்கு மட்டும் இது பொருந்தாது. நடைமுறையில் தகராறு வருவது, வழக்கு முடிந்தும் ஸ்டேஷன் பதிவில் பெயர் நீக்கப்படாமல் கிடப்பதால். குழுமத்தின் இறுதி உத்தரவின் சான்றிட்ட நகலை இப்போதே வாங்கி வையுங்கள், சரிபார்ப்பில் கேட்டால் அதைக் காட்டலாம்.

அவன் பெயரையோ படத்தையோ பத்திரிகையிலும் யூடியூபிலும் போடுவது அதே சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். போட்டவர்களிடம் இதைச் சொல்லி நீக்கச் சொல்லுங்கள்.

16. வெளில வந்துடணும்னு அவனே சொல்றான். விடுவாங்களா?

சேர்ந்து எவ்வளவு நாள், என்ன தெரியும் என்பதைப் பொறுத்தது. 2ஆம் பதிலில் சொன்ன முதல் இரண்டு மூன்று படிகளில் இருந்தால், சத்தமில்லாமல் விலகினாலே மறந்துவிடுவார்கள். "இனிமே வரமாட்டேன்" என்று அறிவிக்கச் சொல்லாதீர்கள். வேலை, பாட்டிக்கு உடம்பு சரியில்லை, ஊரில் படிப்பு என்று சொல்லி இல்லாமல் போவது நல்லது. குழுக்களிலிருந்து ஒரே நாளில் வெளியேறாமல், போனை மாற்றும்போது அப்படியே விட்டுவிடலாம். வீட்டில் பொருள் இருந்தால் திருப்பிக் கொடுக்க அவனைத் தனியாக அனுப்பாதீர்கள், கிணற்றில் வீசவும் செய்யாதீர்கள். வக்கீலைப் பார்த்து, அவர் மூலமாக ஒப்படையுங்கள்.

வெளியூர் அனுப்பினால் போதுமா என்றும் கேட்கிறார்கள். அங்கே காலை எழுந்ததும் போக ஓர் இடம் இருந்தால் போதும், இல்லாவிட்டால் நாற்பது நாளில் திரும்பி வந்துவிடுவான். அரசு ஐ.டி.ஐ.யில் 14 வயதிலிருந்து சேரலாம். வெல்டர், வயர்மேன் பிரிவுகளுக்கு எட்டாவது தேர்ச்சி போதும். கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, இலவச பஸ் பாஸ், சைக்கிள், சீருடை உண்டு. வெல்டர் ஒரே ஆண்டுப் படிப்பு. கத்தி பிடித்தே கெத்து காட்டிய பையன் முதல் முறை இரும்பில் நேர்க்கோட்டில் தையல் போட்டுவிட்டு, கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, அதைப் போன் எடுத்துப் படம் பிடிப்பான். அந்தப் படத்தை ஸ்டேட்டஸில் வைக்க விடுங்கள்.

17. எங்க ஏரியா பேரைச் சொன்னாலே வேலை தர மாட்டேங்கிறாங்க. அப்புறம் என்ன பண்ணுவான்?

இது உண்மை, அநியாயமும்கூட. ரவுடி கோஷ்டி வடசென்னைக்கு மட்டும் சொந்தமில்லை, திருநெல்வேலி, மதுரை, செங்கல்பட்டு எல்லா இடத்திலும் இருக்கிறது. வேலை தருபவர்கள் படித்தால் ஒன்று கேட்கிறோம். முகவரியைப் பார்த்து ஒரு பையனைத் திருப்பி அனுப்பும்போது, அதே முகவரியில் அவனை எடுத்துக்கொள்ள வேறொருவர் தயாராக இருக்கிறார் என்பதை நினைவில் வையுங்கள். பையனுக்கு: ஐ.டி.ஐ. சான்றிதழும், பழைய முதலாளியோ ஆசிரியரோ தரும் கடிதமும் முகவரிக்கு முன்னால் கண்ணில் படும்படி வையுங்கள்.

18. என் பையன் கத்தியைத் தொடவே இல்ல, வண்டி மட்டும்தான் ஓட்டினான். அவனையும் கொலைக் கேஸ்ல சேர்த்துட்டாங்க. இது நியாயமா?

சட்டத்தில் இடம் உண்டு. ஒரே எண்ணத்தோடு பலர் சேர்ந்து செய்தால் ஒவ்வொருவரும் முழுதும் செய்ததாகவே கொள்ளும் பி.என்.எஸ். 3(5), ஐந்து பேரோ அதற்கு மேலோ உள்ள சட்டவிரோதக் கூட்டத்துக்கு 190, சதிக்கு 61. ஆனால் வண்டி ஓட்டியதாலேயே எண்ணம் நிரூபணமாகிவிடாது. எதற்குப் போகிறோம் என்று அவனுக்குத் தெரியுமா என்பதில்தான் வழக்கு நிற்கும். முந்தின நாள் அழைப்புகள், குழுவில் வந்த செய்திகள், நின்ற இடம், ஓடிய பிறகு செய்தது எல்லாம் எடுக்கப்படும். பதறிப்போய் போனை அழித்துவிடாதீர்கள். தெரியாமல் போனவனுக்கு அதே போன்தான் சாட்சி.

19. இந்த வாரம் ஒருத்தனுக்கு ஸ்கெட்ச் போட்டிருக்காங்கன்னு என் பையன் என்கிட்ட சொன்னான். போலீஸ்ல சொன்னா இவனும் மாட்டுவானா? சொல்லாம விட்டா?

சொல்லாமல் விட்டு, சம்பவம் நடந்து, அவனுக்கு முன்பே தெரியும் என்பது போனில் தெரிந்தால் 18ஆம் பதிலில் சொன்ன இடத்தில் அவனும் நிற்பான். சம்பவத்துக்கு முன் சொன்னவனின் நிலை அப்படியில்லை. இன்றைக்கே வக்கீல் கிடைத்தால் அவரோடு போய் உதவி ஆணையர் அல்லது டி.எஸ்.பி. மட்டத்தில் சொல்லுங்கள். உள்ளூர் ஸ்டேஷனில் சொன்னால் கசிந்துவிடும் என்ற பயம் பல குடும்பங்களுக்கு இருக்கிறது, அதனால்தான் ஒரு படி மேலே போகச் சொல்கிறோம். நாள் நெருங்கிவிட்டது, இன்றிரவே என்றால் வக்கீலுக்குக் காத்திருக்க வேண்டாம். 112க்கு அழைத்து, யாருக்கு, எந்த இடத்தில், எந்த நேரம் என்று மூன்றை மட்டும் சொல்லுங்கள். பையனை அன்றிரவு அந்த ஏரியாவில் வைக்காதீர்கள். அவன் போனை உங்கள் கையில் வாங்கி, அணைக்காமல், சத்தத்தை மட்டும் நிறுத்தி வையுங்கள்.